கெட்ட சேதி சொல்லும் வகுப்பு

திருவனந்தபுரம்,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய வன்னியராஜ் மாமா அவர்களுக்கு, உங்கள் அக்காள் மகள் பொன்செல்வி கும்பிட்டு எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அத்தையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். அடுத்த வரியில் இங்கு நாங்களும் சுகம் என்று எழுத வேண்டும். ஒன்பதாம் வகுப்போடு நின்றாலும் அந்த முறை எனக்குத் தெரியும். ஆனால் அம்மா சுகமா இல்லையா என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் தெரியும். ஆகவே அந்த வரியை நீங்களே நிரப்பிப் படித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

போனில் கேட்கலாமே என்பீர்கள். போனில் நீங்கள், "ஏட்டி, எல்லாஞ் சரியாயிரும், அம்மையப் பாத்துக்கோ" என்று சொல்லி, நான் "ம்" என்பதற்குள் வைத்துவிடுகிறீர்கள். எனக்கு "ம்" வரவே கொஞ்ச நேரம் ஆகும் என்பது நம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வாட்ஸ்ஆப்பில் எழுதினால் அத்தையும் பிள்ளைகளும் முதலில் படித்துவிட்டு, கண்ணீர் விடும் பொம்மையை வரிசையாக அனுப்புவார்கள். ஆகவே கடிதம்.

அம்மாவை இங்கே சேர்த்த அன்று நீங்கள் டாக்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். வெளியே வந்தபோது உங்கள் கண் சிவந்திருந்தது. ஏ.சி. காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றீர்கள். வயிற்றில் சாதாரணக் கட்டி, மருந்து ஏற்றினால் கரைந்துவிடும் என்றீர்கள். வாசலில் அத்தனை பெரிதாகப் புற்றுநோய் ஆஸ்பத்திரி என்று மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருக்கிறதே என்று நான் மெல்லக் கேட்டதற்கு, அது பழைய போர்டு, இப்போது எல்லா நோயும் பார்க்கிறார்கள், தமிழில் எழுதாமல் விட்டதே நம் நல்ல காலம், அக்காவிடம் வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்றீர்கள். அம்மாவுக்கு முடி கொட்டத் தொடங்கியபோது, அது இந்த ஊர்த் தண்ணீரால் என்று போனில் சொன்னீர்கள். இதே ஊர்த் தண்ணீரில் குளித்துக்கொண்டுதான், அப்பா இறந்த நாளிலிருந்து அம்மா சாலைச் சந்தை ஓட்டலில் காய் நறுக்கினாள், அப்போதெல்லாம் ஒரு முடி கொட்டியதில்லை. இருந்தாலும் அம்மா தலையைத் தடவிக்கொண்டு வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாவம் ஏட்டி, இந்தத் தண்ணி ஒருத்திக்குமே ஒத்துக்கல" என்றாள். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சிரித்தேனோ என்றும் சந்தேகமாக இருக்கிறது.

இங்கே ஒவ்வொரு நோயாளியோடும் வீட்டு ஆள் ஒருவர் கூட இருந்தே ஆக வேண்டும். பெண்கள் வார்டில் பெண்தான் இருக்கலாம். கூட்டிருப்பு என்று அதற்குப் பெயர். அதனால்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன், அதில் எனக்கு வருத்தமில்லை, அங்கேயும் எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்வார்கள். கூட்டிருப்பில் வாளி பிடிக்கலாம், வெந்நீர் கொண்டுவரலாம், கஞ்சிக்கு வரிசையில் நிற்கலாம், பேச வேண்டியதில்லை. ஆனால் அம்மாவுக்கு என்ன என்று தெரிந்துகொள்ள மட்டும் வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது. எங்கள் வார்டு ஓமனா சிஸ்டரைக் கேட்டால், "டாக்டர்கிட்ட கேளு மோளே" என்கிறார். டாக்டரைக் கேட்டால், உன் மாமாவிடம் எல்லாம் சொல்லியாயிற்று, வேறு யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்கிறார். மாமாவைக் கேட்டால், "எல்லாஞ் சரியாயிரும்" என்கிறார். மூவரும் நல்லவர்கள். நடுவில் நான்தான் செக்கு மாடாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

இந்த நிலையில்தான் அந்த வகுப்பு வந்து சேர்ந்தது. கான்சர் வார்டில் நர்ஸ்கள் படும் பாட்டை நீங்கள் உட்கார்ந்து பார்த்ததில்லை மாமா. ஊசி போட நரம்பு கிடைக்காதவர்களும் திட்டுவார்கள், கிடைத்தவர்களும் திட்டுவார்கள். காலையில் பேரன் கதை சொன்னவர் மத்தியானம் இருக்கமாட்டார், அந்தக் கட்டிலில் விரிப்பை மாற்றிவிட்டு, அடுத்து வருகிறவரைச் சிரித்த முகமாக வரவேற்க வேண்டும். மருந்து அறைக்குள் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவார்கள். சிலர் வேலையை விட்டே போனார்கள். ஆகவே நர்ஸ்களுக்குத் தைரியம் கொடுக்க மேலிடத்தார் புதன்கிழமை தோறும் மாடியில் ஒரு வகுப்பு வைத்தார்கள். தைரியம் வாங்கப் பாதி நர்ஸ்கள் மாடிக்குப் போனதும், மீதிப் பாதிக்கு இரட்டை வேலை வந்து, அவர்களிடம் மிச்சமிருந்த தைரியமும் போயிற்று.

வகுப்பு எடுப்பவர் அனந்தபத்மநாபன் சார். இந்த ஊர் ஸ்ரீவராகத் தெருவில் இருக்கும் தமிழ் ஐயர், நல்ல மனிதர். கெட்ட சேதியை நோயாளியின் வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு ஐந்து படிகள் வைத்திருக்கிறார். எதிரே உட்கார வேண்டும், என்ன தெரியும் என்று கேட்க வேண்டும், மேலும் தெரிந்துகொள்ள விருப்பமா என்று கேட்க வேண்டும், உண்மையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வேண்டும், பிறகு பேசாமல் இருக்க வேண்டும். பழகிப் பார்க்க ஒரு வீட்டார் வேண்டுமே என்று முதல் வாரம் நாடகம் படிக்கிற ஒருவனைக் கூட்டிவந்தார்களாம். அவன் சேதி கேட்டதும் மார்பில் அடித்துக்கொண்டு விழுந்து, படம் காட்டும் திரையையும் கூடவே இழுத்துக்கொண்டு போய், கடைசியில் அவன் நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. அடுத்த வாரம் வெந்நீருக்காக மாடிக்குப் போன என்னைச் சார் வாசலில் பார்த்துவிட்டார்.

"நீ தமிழாத்துக் கொழந்தையா? மலையாளமும் தெரியுமோல்லியோ? உள்ள வா. சும்மா உக்காந்தாப் போறும்" என்றார். முடியாது என்று சொல்லவும் குரல் வேண்டும் அல்லவா. உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வந்தவர் லிபி சிஸ்டர். வயது குறைவு, குரல் தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் அச்சனுக்கு இனி அதிக நாள் இல்லை என்று மலையாளத்தில் அவ்வளவு அழகாகச் சொன்னார். அப்பா இறந்துதான் வருஷங்கள் ஆகிவிட்டதே. "சரி சிஸ்டர்" என்றேன்.

"சரின்னு சொல்லப்படாதும்மா. அதிர்ச்சி வரணும்" என்றார் சார்.

"எப்பிடி வரணும் சார்?"

"ஒங்காத்துல யாருக்காவது இப்படின்னு நெனச்சுக்கோயேன்."

உடனே அங்கிருந்த நர்ஸ்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை மாமா.

அடுத்த முறை எல்லாரும் என்னையே பார்த்ததில் கூச்சம் தாங்காமல் துப்பட்டாவில் முகத்தை மூடிக்கொண்டேன். பயத்தில் எனக்குச் சிரிப்பு வரும், அது வந்துவிட்டது. தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டுச் சார், "இதான், இதான்" என்று கை தட்டினார். அன்றிலிருந்து புதன்கிழமை வந்தால் எனக்கு ஆள் அனுப்புகிறார்கள். அப்பாவைக் கொன்றார்கள். எனக்கு இல்லாத அண்ணனைக் கொன்றார்கள். இல்லாத மாமியாரைக் கொன்றபோது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஒரு வாரம், உங்கள் கணவருக்கு இனி மருந்தில்லை என்று சொன்னபோது எனக்கு வெட்கம் வந்து குனிந்துவிட்டேன், துயரத்தில் குனிந்ததாகச் சார் குறித்துக்கொண்டார். இந்த ஆஸ்பத்திரியில் என்னிடம் கெட்ட சேதி சொல்லாத நர்ஸ் கிடையாது. எல்லாரும் தேறிவிட்டார்கள். உண்மையை மறைக்கவே கூடாது என்று மேலே என் கையைப் பிடித்துச் சொன்ன லிபி சிஸ்டரிடம், கீழே வரும்போது, எங்கள் அம்மாவுக்கு எப்படி இருக்கிறது சிஸ்டர் என்று கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அது மாமன்கிட்டதான் கேக்கணும் மோளே" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார்.

தேறாதவர் ஓமனா சிஸ்டர் ஒருவர்தான். ரிட்டயர் ஆகும் வயது. எதிரே உட்காருவார், என் முகத்தைப் பார்ப்பார், "மோள் கஞ்சி குடிச்சியா?" என்பார். குடித்தேன் என்பேன். "அம்மா?" கொஞ்சம் என்பேன். உடனே எழுந்து, "சாரே, எனக்கு வார்டுல பி.பி. பாக்கணும்" என்று கிளம்பிவிடுவார்.

"ஓமனா, இந்தப் படியெல்லாம் ஒங்க நல்லதுக்குத்தான்" என்றார் சார் நேற்று.

"சார் படி சொல்லிட்டு வீட்டுக்குப் போகும். நான் இந்தக் குட்டியோட மொகத்த டெய்லி காணணும்" என்றார் ஓமனா சிஸ்டர். வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் முகத்தைத் தினமும் காண்பதில் அவருக்கு என்ன கஷ்டம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பு முடிந்தால் டீயும் பருப்பு வடையும் தருவார்கள். வடையை அம்மாவுக்குக் கொண்டுவருவேன். வாயெல்லாம் புண், தின்ன முடியாது, மோந்து பார்த்துவிட்டு என்னிடமே தந்துவிடுவாள். என் மகள் நாடகத்தில் நடிக்கிறாள் என்று பக்கத்துக் கட்டிலில் சொல்லிப் பெருமைப்படுகிறாள். இப்போது அந்தப் பெருமையைப் பேசவும் அவளுக்கு மூச்சு போதவில்லை. போன வாரத்தோடு மருந்து ஏற்றுவதையும் நிறுத்திவிட்டார்கள். கட்டி கரைந்துவிட்டதால் நிறுத்தினார்களா, கரையாது என்று நிறுத்தினார்களா? கேட்டால் ரெஸ்ட் என்கிறார்கள். அம்மா தூங்கும்போது நான் அவள் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஊரில் உள்ள எல்லாருடைய சாவையும் என்னிடம் சொல்லிவிட்டார்கள் மாமா, எங்கள் வீட்டுச் சேதி ஒன்றைத்தான் யாரும் சொல்லவில்லை.

ஆகவே தாங்கள் தயவு செய்து உடனே புறப்பட்டு வந்து, பொன்செல்வியிடம் சொல்லலாம் என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வர முடியாவிட்டால் போனிலாவது சொல்ல வேண்டும். நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்யமாட்டேன். நான் சத்தமில்லாமல்தான் அழுவேன் என்று சாரே எழுதிக் கொடுப்பார். அத்தைக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு முத்தம். தெய்வம் உங்கள் எல்லாருக்கும் நல்ல சேதிகளை மட்டும் தரட்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
பொன்செல்வி.

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதையெல்லாம் தள்ளிவிடவும். டாக்டரிடம் பேச வேண்டாம். ஆஸ்பத்திரிக்கும் வர வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் காரியம் நடந்துவிட்டது.

இன்று மத்தியானம் ஓமனா சிஸ்டர் மருந்து அறையில் தனியாக இருந்தார். நான் போய், "சிஸ்டர், இன்னும் பாஸாகலையே, என்னைய வச்சுப் பழகுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "செரி, யாருக்கு சீக்குன்னு வைக்கலாம்?" என்றார்.

"மாடம்மாள்னு வச்சுக்கிடுவோம். வயித்துல கட்டி. மக பேரு பொன்செல்வி. வெறும் ஒத்திகைதான சிஸ்டர், மாமா ஒண்ணும் சொல்ல முடியாது."

என் ஆயுளில் நான் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. ஓமனா சிஸ்டர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். ஐந்தாவது படியை முதலில் செய்துவிட்டார், ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு விரலை மடக்கி எண்ணிக்கொண்டு, "மோளுக்கு என்ன தெரியும்?" என்றார். கட்டி என்று தெரியும் என்றேன். "இன்னும் தெரியணுமா?" ஆமாம் என்றேன். ஈரலுக்குப் பரவிவிட்டது, மருந்து பிடிக்கவில்லை, இனி ஏற்றினால் வேதனைதான் கூடும் என்றார். "வேதனை இல்லாம வச்சுக்கலாம். அத நான் ஏத்துக்கறேன். வீட்டுக்குக் கொண்டுபோலாம், அங்க நர்ஸ் வந்து பாக்கும்" என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். "அது சாரோட படியில இல்ல மோளே" என்று சொல்லிவிட்டு அவர்தான் அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

சாயங்காலம் அம்மாவிடம் நானே சொன்னேன். எதிரே உட்கார்ந்து, உனக்கு என்ன தெரியும் அம்மா என்று தொடங்கினேன். "எல்லாந் தெரியும் ஏட்டி, நீ சின்னப் பிள்ள, தாங்கமாட்டேன்னுல்லா வாய மூடிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு என் தலையைத் தடவிக்கொண்டு, "எந் தம்பிக்கு, ஒம் மாமனுக்கு மட்டும் தெரிய வேண்டாம். கோழி செத்தாலே சோறு இறங்காது அவனுக்கு. போன்ல கேட்டாம்னா கட்டி கரையுதுன்னே சொல்லு" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஆகவே மாமா, உங்களுக்கு ஒன்றும் தெரியாது. நாளை மறுநாள் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். கட்டி கரைந்த சந்தோஷத்தில் பார்க்க வந்தவர்போல், சிரித்த முகமாக, சீக்கிரம் வரவும்.