பாசிட்டிவ் அண்ணன் விழுங்க மறுத்த மாத்திரை

உயிரைக் காப்பாற்றியவரைக் கண்டதும் ஊரே சந்துக்குள் ஓடி ஒளிந்தது என்றால், அது எங்கள் சங்ககிரியில் மட்டும்தான் நடந்திருக்கும். ஓடியவர்களில் நானும் ஒருவன். இப்போது நினைத்தாலும் அலுப்பாக இருக்கிறது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவர். கல்யாணம் இல்லை, குழந்தை குட்டி இல்லை. ரத்தம் ஓ பாசிட்டிவ். இந்தக் கடைசி விவரத்தைச் சொல்லாமல் அவர் எவரிடமும் பேச்சைத் தொடங்கியதில்லை என்பதால் ஊருக்கே அவர் பாசிட்டிவ் அண்ணன்.

எழுபதுகளில் எங்கள் பக்கத்து ரோட்டில் லாரி கவிழாத வாரம் கிடையாது. அடிபட்டவர்களைச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். ரத்தம் வேண்டுமென்றால் அங்கிருந்து, நான் குமாஸ்தாவாக இருந்த லாரி புக்கிங் ஆபீஸுக்குப் போன் வரும். நான் தெருவில் இறங்கிக் கத்துவேன். அவர் ஊசியைத் தார்ப்பாயிலேயே குத்தி வைத்துவிட்டு, சேலம் போகிற முதல் லாரியில் தொற்றிக்கொள்வார்.

போனோம், கொடுத்தோம், வந்தோம் என்று இருந்திருந்தால் அவரைக் கும்பிட்டிருப்போம். ஆனால் அவர் கணக்கில் ரத்தம் கைமாறவே இல்லை. அது வேறொருவர் உடம்பில் குடியிருந்தது, அவ்வளவுதான். குடியிருக்கிற இடத்தை அவ்வப்போது போய்ப் பார்க்க வேண்டாமா?

டிரைவர் மாரிமுத்து ஒரு பாட்டில் வாங்கியவன். டீக்கடையில் அவன் பீடியைப் பற்ற வைத்த நேரம் அண்ணன் வந்து நின்றார்.

"பீடியக் கீழ போடு சாமி."

"ஏனுங்கண்ணா?"

"உன்ற நெஞ்சு கெட்டா எனக்கென்ன. உள்ள ஓடறது என்ற ரத்தம்."

மாரிமுத்து அதற்குப் பிறகு பீடி குடிக்கத் திருச்செங்கோடு வரை போய்வந்தான்.

இதாவது பரவாயில்லை. அவரிடம் ரத்தம் வாங்கிய ஒரு பையனுக்கும், அவரிடமே ரத்தம் வாங்கிய ஒரு பெண்ணுக்கும் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை அடித்தாகிவிட்டது. அண்ணன் பெண் வீட்டுக்குப் போய், நடு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "இது நடக்காதுங்க. ரெண்டுலயும் ஓடறது என்ற ரத்தம். பங்காளியாகிப் போச்சு. பங்காளிக்குள்ள கட்டலாமுங்களா?" என்றார். பெண்ணின் அப்பா அடிக்கப் போனார். பிறகு, மகள் பிழைத்தது யாரால் என்ற நினைப்பு வந்து, ஓங்கிய கையை இறக்கிக் காபி கொண்டுவரச் சொன்னார்.

பஞ்சாயத்து என் தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் விசாரித்துக்கொண்டு வந்து, "ஏத்துன ரத்தம் சில மாசம்தான் இருக்குமாமுங்கண்ணா, பொறவு அவங்கவங்க ரத்தமே ஊறிருமாம்" என்று சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது. ஒரு வாரம் தெருப் பக்கமே வரவில்லை. கல்யாணத்தன்று மட்டும் வந்து, இரண்டு வீட்டுப் பங்காளிகளோடும் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை சாப்பிட்டார்.

என் கதைக்கு வருகிறேன். லோடு இறக்கும்போது லாரியின் பின்கதவு கழன்று என் தொடையைக் கிழித்தது. கண் விழித்தபோது தலைமாட்டில் அண்ணன். அன்று பிடித்தது சனி. நான் ராத்திரி கண் விழித்தால் கேள்வி, காபி அதிகம் குடித்தால் கேள்வி. ஒருமுறை என் மனைவியிடமே, "கொழம்புல உப்பக் கொறைச்சுக்க கண்ணு, அவனுக்காகச் சொல்லல" என்றார்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் ஒரு காலை, அதே டீக்கடையில் அவர் வலது கையிலிருந்து கிளாஸ் நழுவி விழுந்தது. கடைக்காரரைத் திட்ட வாயைத் திறந்தார். வார்த்தை குழறியது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. மாரிமுத்துதான் லாரியில் தூக்கிப் போட்டுச் சேலத்துக்கு ஓட்டினான்.

அந்தக் காலத்தில் மூளையைப் படம் பிடித்துப் பார்க்கிற வசதி எங்கள் பக்கம் ஏது. டாக்டர் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"மூளையில ரத்தக் கசிவு மாதிரி தெரியல. குழாய் அடைச்சிருக்கு. ரத்தத்துல தட்டணுன்னு சின்னச் சின்னதா இருக்கும். அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு அடைச்சிடுது. ஒட்டாம இருக்க ஆஸ்பிரின் எழுதியிருக்கேன். தினம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு."

"தலவலிக்குப் போடறமே, அதுங்களா?"

"அதேதான். போன கை திரும்பும்னு சொல்ல மாட்டேன். ஆனா மறுபடி அடைக்காம இருக்கணும். அடைச்சா பேச்சே போயிடும், ஆளும் போயிடலாம். இனிமே இவர் ரத்தம் கொடுக்கவும் கூடாது."

இதை நான் பக்குவமாகச் சொல்லியிருக்க வேண்டும். பக்குவத்துக்கு உடம்பில் தெம்பு வேண்டுமே. ரத்தத்தை இளக்குகிற மாத்திரை என்று சொல்லித் தொலைத்தேன்.

"இளக்கறதா?" குழறலாக இருந்தாலும் குரலில் அதிகாரம் குறையவில்லை. "நல்லெண்ணெயாட்டம் இருக்குதுன்னு நர்ஸம்மாளே சொன்ன ரத்தம். தண்ணி ஊத்திக் குடுத்தா எவனுக்குப் பத்தும்?"

"இனி நீங்க யாருக்கும் குடுக்க வேண்டாமாமுங்கண்ணா."

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாத்திரையைக் கடைவாயில் ஒதுக்கி வைத்து, நர்ஸ் போனதும் துப்பினார். அடுத்த நாளும் துப்பினார். கெஞ்சினோம், திட்டினோம். அவரைக் கண்டு சந்தில் ஒளிந்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தாரே, அந்தப் பெண் கைக்குழந்தையோடு வந்து அழுதாள்.

அண்ணன் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நாளைக்குப் போன் வருது. ஒருத்தன் ரோட்டுல கெடக்கறான். யாரு போவீங்க?"

மாரிமுத்து மேலே விட்டத்தைப் பார்த்தான். இன்னொருவர் வேட்டியைச் சரிசெய்தார். ரத்தம் கொடுத்தால் ஆண்பிள்ளைக்குத் தெம்பு போய்விடும் என்று நம்பிய காலம். வாங்கிய நாங்களே நம்பினோம்.

"பாத்தீங்களா" என்றார். "என்னய விடுங்க."

அப்போதுதான் அது நடந்தது. அவர் வாய் இன்னும் கொஞ்சம் கோணியது. ஏதோ சொல்ல வந்தார், சத்தம் வரவில்லை. டாக்டர் ஓடி வந்தார். சற்று நேரத்தில் பேச்சு தானாகத் திரும்பிவிட்டது. "அடுத்த தடவை திரும்பாது" என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

ஊசியைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வரும். தியாகம், வீரம் எதுவும் எனக்குக் கிடையாது. ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்து முதுகு செத்துப்போயிருந்தது. இந்த மனுஷரோடு இனி மல்லுக்கட்ட முடியாது என்ற சலிப்பில்தான் வாயைத் திறந்தேன்.

"நான் போறனுங்கண்ணா. எப்பப் போன் வந்தாலும் நான் போறேன். மாத்திரையப் போடுங்க."

"இப்பவே போ. நான் பாக்கோணும்."

ரத்தம் எடுக்கிற அறையில் அவருக்குத் தனி மரியாதை. சக்கர நாற்காலியோடு உள்ளே விட்டார்கள். என்னைப் படுக்க வைத்து, கையில் ஒரு துணிச்சுருளைக் கொடுத்தார்கள். ஊசி வந்தது. எனக்குக் காது அடைத்தது.

"ஊசியப் பாக்காத சாமி. இந்தப் பக்கம் என்னயப் பாரு. கைய மூடி மூடித் தொற."

பார்த்தேன். நான் கையை மூடித் திறக்கும்போதெல்லாம், மடியில் கிடந்த தன் வலது கையை அவரும் மூடித் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் அசையவில்லை. அவர் விடவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்தது. வலியால் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"அவ்வளவுதான் கண்ணு, முடிஞ்சுது" என்றார்.

பாட்டில் நிறைந்த பிறகு நர்ஸிடம் தானாகவே இடது கையை நீட்டி மாத்திரையை வாங்கினார். முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினார். வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி எனக்குக் காட்டினார்.

"இன்னைக்கு ராத்திரி நீ கண்ணு முழிக்கக் கூடாது. ஈரலு வாங்கித் திங்கோணும். சைக்கிள் ஓட்டாத. டீத்தண்ணிய விட்டுரு" என்று ஆரம்பித்தார். நாற்காலியை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும் வரை நிறுத்தவில்லை. எனக்குக் கிறுகிறுவென்று வந்தது. இந்த ஆள் இப்படியே இன்னும் ரொம்ப வருஷம் இருந்து என் உயிரை வாங்க வேண்டும் என்று, சுவரைப் பிடித்துக்கொண்டு மனசார வேண்டிக்கொண்டேன்.