கூட்டம் இல்லாத நேரம்

“புரொஃபசர், ரொம்பப் பசிக்குது. சாப்பிட்டுட்டுப் பேசலாமா?” என்றாள் ஓக் தாசொல்.

பேராசிரியர் பியோனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தென்கொரியாவின் தேஜோன் நகரில் அவர் நடத்தும் ஆய்வுக்கூடத்தின் வேலையே, நடக்கப்போவதைக் கணக்குப் போட்டு முன்கூட்டிச் சொல்வதுதான். முனைவர் பட்டத்துக்கான ஓர் இடம் அங்கே இரண்டு வருடமாகக் காலி. இந்த வருடமும் ஆள் சேராவிட்டால் பக்கத்துத் துறைக்காரர்கள் அதைக் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். விண்ணப்பித்தவள் இவள் ஒருத்திதான். அவளுக்கும் சியோலில் வேறோர் இடம் தயாராக இருந்தது.

“பன்னிரண்டு இருபதுக்குப் போவோம்மா. கேன்டீன்ல ஈ காக்கா இருக்காது. நம்ம கம்ப்யூட்டர் மாடல் சொல்லுது.”

போனார்கள். வரிசை மாடிப்படி வரை நின்றது.

“என்னப்பா இவ்வளவு கூட்டம்?” என்று கடைசியில் நின்ற மாணவனைக் கேட்டார் பியோன்.

“இந்த நேரத்துக்குக் கூட்டமே இருக்காதுன்னு வாசல் திரையில நீங்கதானே போட்டிருக்கீங்க? அதான் எல்லாரும் வந்துட்டோம்.”

பியோன் அசடு வழியக் கைப்பேசியைத் தட்டினார். ‘ஒரு மணிக்குக் கூட்டம் இருக்காது’ என்று திரை மாறியது. வரிசை முணுமுணுத்தபடி கலைந்தது.

“பாத்தியா!” என்று அவர் தட்டை எடுப்பதற்குள், “டேய், காலியாயிடுச்சுடா!” என்று யாரோ கத்த, போன அத்தனை பேரும் திரும்பி ஓடிவந்தார்கள். பியோன் தட்டோடு சுவரில் ஒட்டிக்கொண்டார்.

“இவங்க திரும்பி வருவாங்கன்னு மாடல் சொல்லலையா?” என்றாள் தாசொல்.

“அது… வேற மாடல்மா.”

கடைசி முயற்சியாக, ‘இன்று முழுவதும் நெரிசல்’ என்று போட்டார். இனி எவன் வருவான் என்பது அவர் கணக்கு. சோறு தீர்ந்துவிடுமோ என்று பயந்து விடுதி மொத்தமும் இறங்கி வந்தது.

ஒன்றரைக்கு அவர்கள் முறை வந்தபோது, சமையல் கட்டு பாங் அக்கா இரண்டு கிண்ணம் வெறும் சோறும் கொஞ்சம் கிம்ச்சி ஊறுகாயும் நீட்டினாள். “கட்லெட் தீந்துபோச்சு. சூப் தீந்துபோச்சு. எனக்குத் தெம்பும் தீந்துபோச்சு.”

தாசொல் சாப்பிட்டு முடித்தாள். குனிந்து வணங்கினாள். “ரயிலுக்கு நேரமாச்சு புரொஃபசர்.” சேருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பியோன் ஆறிப்போன சோற்றைக் கிளறியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஊரில் யார் எப்போது சாப்பிடுவார்கள் என்றுகூடச் சொல்லத் தெரியாதவனிடம் யார் படிக்க வருவார்கள்? எழுந்து நாற்காலி ஒன்றை வாசலுக்கு இழுத்துப் போனார்.

“அக்கா, இதைப் பிடிச்சுக்குங்க. அந்தத் திரைச் சனியனைக் கழட்டித் தூரப் போடறேன்.”

பாங் அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள். “ஐயையோ, தொடாதீங்க! மார்ச்ல வகுப்பு ஆரம்பிக்கறதுலேருந்து முழுப் பருவத்துக்கும் சாப்பாட்டு டோக்கன் வாங்கிட்டு, ‘இது ஏன் தப்பாவுதுன்னு கண்டுபிடிக்கவே எனக்கு அஞ்சு வருஷம் வேணும், அதுவரைக்கும் புரொஃபசர் சரிபண்ணிடாம பாத்துக்குங்க’ன்னு சொல்லிட்டுப் போயிருக்கு அந்தப் பொண்ணு!”