சொர்ணாம்பாளின் மாங்காய் ரவிக்கை

"இது என்னம்மா?"

"மாங்காய்ங்கம்மா."

"நல்லா பாத்துச் சொல்லு."

வினோதா நன்றாகவே பார்த்தாள். சோதனைத் துணியில் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் அப்போதுதான் போட்டுத் தந்த ஒற்றை மாங்காய். பட்டுப்புடவைக் கரைகளில் காலங்காலமாக வளைந்து நிற்கிற அதே மாங்காய்.

"மாங்காய்தாங்கம்மா. மாங்கனித் திருவிழாவுக்கு ரவிக்கையில போடணும்னு நீங்கதானே கேட்டீங்க?"

"நான் கேட்டது மாங்கா. நீ போட்டிருக்கறது எறா," என்றாள் சொர்ணாம்பாள். அந்த வார்த்தை பட்ட பாவத்துக்காக, புடவைத் தலைப்பால் உதட்டை ஒருமுறை துடைத்துக்கொண்டாள்.

சொர்ணாம்பாள் வெறும் வாடிக்கையாளராக இருந்திருந்தால் வினோதா சிரித்துவிட்டு வேறொன்று போட்டுத் தந்திருப்பாள். அவள் வீட்டுக்காரம்மாவாகவும் இருந்ததுதான் சங்கடம். காரைக்கால் தலத்தெருவில் அந்த வீட்டின் முன் அறையில் மெஷினும் கம்ப்யூட்டரும் இருந்தன. பக்கத்துப் போர்ஷனில் வினோதாவும் அவள் கணவன் புகழேந்தியும் குடியிருந்தார்கள். பால் காய்ச்சிய அன்றே சொர்ணாம்பாள் நிபந்தனையைச் சொல்லிவிட்டாள்.

"நாங்க சுத்த சைவம். முட்ட ஓடு கூட இந்த வாசலத் தாண்டக் கூடாது. கவுச்சி வாட வந்துச்சுன்னா அன்னிக்கே பெட்டியக் கட்டிக்க வேண்டியதுதான்."

கூப்பிடு தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு இப்படியொரு நிபந்தனைக்குத் தலையாட்டுவது லேசான காரியமில்லை. ஆனால் மெஷின் சத்தம் ஆகாது, கரண்டு நிறைய இழுக்கும் என்று ஊரில் பாதிப்பேர் கதவைச் சாத்திய பிறகு கிடைத்த அறை அது. தெருவைப் பார்த்த ஜன்னல், உள்ளே வந்து விழும் வெளிச்சம், வெளியே தன் பெயர் எழுதிய பலகை எல்லாமே வினோதாவுக்குப் பிடித்திருந்தன. அந்த அறைக்காக அவள் வஞ்சிரத்தைத் துறந்தாள். முழுசாகத் துறந்தாள் என்றும் சொல்லிவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்து ஊரான பூவத்தில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போவார்கள். மூக்குப்பிடிக்க மீன் குழம்பு சாப்பிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, ஏலக்காய் மென்றுகொண்டே திருடர்கள் மாதிரி வீடு திரும்புவார்கள்.

அப்படி இருந்தும் அந்த வீட்டில் சில நாள் மத்தியானம் மெல்லிசாக ஒரு வாடை வரத்தான் செய்தது. உடனே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொர்ணாம்பாளின் குரல் வரும்.

"வினோதா, உங்க பக்கம் என்ன வாட?"

வினோதா ரசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் திறந்து காட்டுவாள். புகழேந்தி வேலையிலிருந்து வந்த பிறகு அவன் சாப்பாட்டுப் பையையும் மோந்து பார்ப்பாள்.

இந்த நிலையில்தான் ரவிக்கைக்கான சோதனைத் துணியில் இறால் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"எங்கம்மா எறா? எனக்குத் தெரியலயே?" என்றாள் வினோதா.

"இந்த வரி வரியா இருக்கு பாரு, அது ஓடு. இப்படி வளைஞ்சு சுருண்டுருக்கு பாரு, அது வாலு."

சொன்ன பிறகு வினோதாவுக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு வேறெதுவும் தெரியவில்லை.

தப்பு யாருடையது என்று கேட்டால் சாப்ட்வேருடையது. "மத்தவங்க ரவிக்கையில இருக்குற மாங்கா மாதிரி செத்துக் கெடக்கக் கூடாது, உசுரோட இருக்கணும்," என்று சொர்ணாம்பாள் சொன்னதும், வினோதா டிசைன் சாப்ட்வேரில் அதுவரை தொடாத மூலைகளுக்கெல்லாம் போனாள். அங்கே தையலை அலை அலையாக ஓடவிடும் எபெக்ட் ஒன்று இருந்தது. ஒரு சொடுக்கில் மாங்காய் திரையில் ததும்பியது. துணிக்கு வந்ததும் அந்த அலையெல்லாம் ஓடாகிவிட்டது.

"அலைய எடுத்துடறேம்மா. நெறத்துல வித்தை காட்டறேன்."

அடுத்து ஷேடிங். காம்பருகே பச்சை, நடுவில் மஞ்சள், கன்னத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. திரையில் பார்த்தபோது வினோதாவுக்கே எச்சில் ஊறியது. துணியில் மஞ்சள் நூலும் சிவப்பு நூலும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, மெல்லிய ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று வந்து நின்றது.

சொர்ணாம்பாள் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"முன்னாடி பச்ச எறா. இப்ப வெந்த எறா."

"ஓரம் அழுத்தமா இருக்குறதுனாலதான் அப்படித் தெரியுதும்மா. ஓரத்த மெத்துனு ஆக்கிடறேன்."

ஓரத்துத் தையலை இறகு மாதிரிப் பிரித்துவிடுகிற எபெக்டும் அந்தச் சாப்ட்வேரில் இருந்தது. எது இல்லை அதில்? வினோதா அதை மாங்காயின் உள்வளைவுக்கு மட்டும் கொடுத்தாள். மெஷின் கடகடவென்று ஓடி நின்றது. உள்வளைவு நெடுக, குட்டிக் குட்டியாக, வரிசையாகக் கால்கள்.

சொர்ணாம்பாள் துணியை மேஜையில் வைத்துவிட்டு, அது நகர்ந்துவிடும் என்று பயந்தவள் போல ஓரடி தள்ளி நின்றாள்.

அன்று வேலை முடிந்து வந்த புகழேந்தி மூன்று துணிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தான். முகம் கனிந்தது.

"வினோ, ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் எத்தன நாள் இருக்கு?"

"வெளையாடாதீங்க. ஒரு யோசன சொல்லுங்க."

"மாங்கான்னா காம்பு வேணும்ல? காம்ப வச்சிட்டா எந்த எறாவுக்கும் வேல இல்ல."

நல்ல யோசனை. வினோதா ஒன்றுக்கு இரண்டாகவே இருக்கட்டும் என்று இரண்டு மெல்லிய காம்புகளைப் போட்டு, நுனி கூராகி மறைகிற எபெக்டையும் கொடுத்தாள். மாங்காய் தட்டையாகத் தெரியாமலிருக்க, மேல் வளைவை ஒட்டிக் கருப்பு நூலில் ஒரு மடிப்புக் கோடும் ஓட்டினாள். காம்பு இரண்டும் மீசையாகி, துணியிலிருந்து அவளை முறைத்தன.

மறுநாள் காலை சொர்ணாம்பாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"மீச வேறயா? முதுகுல கறுப்பா நரம்பு வேற ஓடுது. நரம்ப எடுக்காம யாராச்சும்..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தி, "யாராச்சும் ரவிக்கையில போடுவாங்களா?" என்று முடித்தாள்.

"தெரியாம வந்துடுச்சும்மா."

"தெரியாம எப்படி வரும்? மனசுல இருக்கறதுதான் கையில வரும். திருட்டுத்தனமா எறா ஆக்கித் திங்கிறீங்க. இல்லன்னா இம்புட்டு தத்ரூபமா போட முடியுமா? அந்த மத்தியான வாடைக்கு இப்பல்ல அர்த்தம் புரியுது!"

"சாமி சத்தியமா இல்லம்மா!"

"இந்தா பாரு. ரவிக்கையில ஒழுங்கா மாங்கா வரணும். வரலன்னா திருவிழா முடிஞ்ச கையோட வீட்டக் காலி பண்ணிடு. மெஷின நீ எங்க வேணா கொண்டு வச்சுக்க."

வினோதா வாசலில் தன் பெயர் எழுதிய பலகையை எட்டிப் பார்த்தாள். எபெக்டும் வேண்டாம், உசுரும் வேண்டாம் என்று முடிவு செய்தாள். அலை, ஷேடிங், இறகு, காம்பு, கோடு எல்லாவற்றையும் அழித்து, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை வரைந்த மாதிரி ஒரு மொட்டை மாங்காய் செய்தாள். பென் டிரைவில் ஏற்றினாள். அதில் ஏற்கெனவே 'மாங்காய்', 'மாங்காய் புதுசு', 'மாங்காய் கடைசி' என்று ஏகப்பட்ட பைல்கள் இருந்தன. இதற்கு 'மாங்காய் சத்தியமாக் கடைசி' என்று பெயர் வைத்தாள்.

புடவையோடு சேர்ந்து வந்த ரவிக்கைத் துணி ஒன்றே ஒன்றுதான். அதை மெஷின் சட்டத்தில் பூட்டி, பென் டிரைவைச் செருகினாள். மெஷினுக்குத் தமிழ் தெரியாது. அதன் குட்டித் திரையில் எல்லாப் பெயரும் வெறும் கேள்விக்குறிகளாக வந்து நின்றன. அதிக நீளமாக இருந்த கேள்விக்குறி வரிசையைத் தட்டினாள். அதுதானே சத்தியமாக் கடைசி? முதல் ஊசி இறங்கி ஓரக்கோடு போட்டது. மொட்டையாகத்தான் இருந்தது. ஆனால் எல்லா மாங்காய்க்கும் ஓரக்கோடு ஒன்றுதான் என்பது அந்தப் பதற்றத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கக் கொல்லைப்பக்கம் போனாள்.

கொல்லைச் சந்தில் பூவாயி நின்றுகொண்டிருந்தாள். காரைக்கால்மேட்டிலிருந்து மீன் கூடையோடு வருகிறவள்.

"என்னா பாப்பா, மொகம் வாடிக் கெடக்கு? நல்ல எறா இருக்கு, போடவா?"

"ஐயையோ, அந்தப் பேர எடுக்காதீங்க. வீட்டுக்காரம்மா காதுல விழுந்துச்சு, அவ்வளவுதான். அவங்க சுத்த சைவம்."

"அப்படியா சங்கதி?" என்று பூவாயி ஏனோ விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கூடையை மூடித் தலையில் தூக்கிக்கொண்டாள்.

வினோதா திரும்பி வந்தபோது மெஷின் முக்கால்வாசி வேலையை முடித்திருந்தது. பட்டுத் துணியின் முதுகு நெடுக, அலையும் நிறமும் காலும் மீசையும் நரம்புமாக, இறால்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. எபெக்டுகளை அழிப்பதற்கு முன்னால், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் எப்படி இருக்கும் என்று சும்மா செய்து வைத்திருந்த பைல் அது. அதன் பெயர் இன்னும் நீளம் என்பது அவளுக்கு மறந்தே போய்விட்டது.

பட்டில் போட்ட தையலைப் பிரித்தால் சல்லடையாகிவிடும். மறைப்பதைத் தவிர வழியில்லை. ஒவ்வொன்றையும் சுற்றி மாவிலை போட்டால் மாங்காயாகத் தெரியும் என்று நம்பி, பச்சை நூலில் அகலமாக இலைகளைப் போட்டாள். முடிந்ததும் புகழேந்தி எட்டிப் பார்த்தான்.

"எலையில பரிமாறியே வச்சிட்டியே!"

வினோதா அவனை அடிக்கவில்லை. அழுதுவிட்டாள்.

திருவிழா அன்று காலை சொர்ணாம்பாள் ரவிக்கையைப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் போட்ட ரவிக்கை என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று. உடுத்தாமல் போகவும் முடியாது.

"தலப்ப இழுத்துப் போத்திக்கறேன். சாமி ஊர்வலம் முடியட்டும். அப்புறம் இருக்கு ஒனக்கு."

வீதியில் நிற்க இடமில்லை. ஆனி மாசத்து வெயிலில் குளிர்காய்ச்சல்காரி மாதிரிப் போர்த்திக்கொண்டு சொர்ணாம்பாள் நின்றாள். பக்கத்தில் அவள் நாத்தனார் அல்லி. சற்றுத் தள்ளி வினோதாவும் புகழேந்தியும். இன்னும் கொஞ்ச நேரம் அந்தத் தலைப்பு நழுவாமல் இருந்துவிட்டால், காலில் விழுந்தாவது அறையைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று வினோதா காரைக்கால் அம்மையாரை வேண்டிக்கொண்டாள்.

சாமி வந்தது. மாடிகளிலிருந்தும் மொட்டைமாடிகளிலிருந்தும் பக்தர்கள் இறைத்த மாம்பழங்கள் பறந்தன. பிரசாதமாக வருகிற மாம்பழத்துக்கு முந்தானை ஏந்தாத பெண் காரைக்காலில் கிடையாது. நல்ல பெரிய பழமொன்று சொர்ணாம்பாளை நோக்கியே வந்தது. கையும் மனசும் தன்னை மறந்தன. முந்தானையை உருவி விரித்து, பழத்தை லாவகமாகப் பிடித்தாள்.

"அண்ணி! முதுகுல என்னா அது?" என்று அல்லி அலறினாள்.

சுற்றியிருந்த பத்துத் தலைகள் திரும்பின. சொர்ணாம்பாளுக்கு முகத்தில் ரத்தம் ஜிவ்வென்று ஏறியது. இனி மறைத்துப் பயனில்லை என்று தெரிந்ததும் வினோதாவைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"எல்லாம் இந்தக் குடித்தனக்காரி வேல! வீட்டுல திருட்டுத்தனமா எறா தின்னுட்டு, அத என் முதுகுல கொண்டாந்து போட்டிருக்கா. ஏழு தலமொறையா வெங்காயம் நறுக்குறதுக்கே நாள் கெழம பாத்த குடும்பம் எங்களது! இன்னிக்கே இவ வெளிய போகணும்!"

வினோதாவுக்குக் கண் நிறைந்து தெருவே கலங்கித் தெரிந்தது. மேளச் சத்தத்தில் இதெல்லாம் ஒன்றும் காதில் விழாதவளாக, மடி நிறைய மாம்பழத்தோடு கூட்டத்தை இடித்துக்கொண்டு பூவாயி வந்தாள். சொர்ணாம்பாளின் முதுகுக்குப் பின்னால் நின்று ரவிக்கையை ஆசை தீரப் பார்த்தாள். பிறகு வாயெல்லாம் பல்லாக, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"அம்மா, வாரா வாரம் ஒளிச்சு ஒளிச்சு வாங்குற எறாவ இன்னிக்கு ஊரறிய முதுகுலயே போட்டுக்கிட்டீங்க, அப்ப இனிமே நான் கொல்லப்பக்கம் வராம வாசப்பக்கமாவே வந்துடவா?"