கறம்பக்குடிக்கு வந்த கடல்

கடலை வீட்டில் கட்டி வளர்ப்பது மனுஷன் செய்கிற வேலை இல்லை. இதைப் புரிந்துகொள்ள கிபாயத்துல்லாவுக்கு ஒரு முழு வருஷம் பிடித்தது.

துபாயில் இருந்தபோது ஒரு கடையில் பார்த்தார். கண்ணாடித் தொட்டிக்குள் பவளம் பூவாய் விரிந்து ஆடியது. நடுவே ஆரஞ்சு மீன்கள். மனுஷன் சொக்கிப்போனார். ஊர் திரும்பி கறம்பக்குடியில் செல்போன் கடை போட்டதும் முதல் வேலையாக மனைவி நூர்நிஷாவிடம் மார்தட்டினார்.

"நூரு, நம்ம ஹாலுக்குள்ள கடலைக் கொண்டாரேன். நீ ஒரு சொட்டுத் தண்ணி தொட வேணாம். எல்லாம் நான்!"

"ஒங்களால முடியுமாங்க?" என்றாள் அவள்.

அந்த ஒரு கேள்விதான் அவரை மாட்டிவிட்டது. வந்து இறங்கிய கடல், மாப்பிள்ளை வீட்டுக்காரனைவிட மோசமாகச் சிணுங்கியது. கரண்ட் போனால் மோட்டார் நிற்கும். மோட்டார் நின்றால் மீன் வாயைப் பிளக்கும். கிபாயத்துல்லா கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடி வருவார். வாங்கி விட்ட நண்டு தொட்டியை விட்டிறங்கி அவர் செருப்புக்குள் குடியேறியது. யாருக்கு யார் பயந்தார்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமை வெயில். தொட்டித் தண்ணீர் நாள்தோறும் வற்றியது. கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே ஊற்ற வேண்டும்? பிரியாணி தின்றுவிட்டுக் குறட்டை விட வேண்டிய வெள்ளிக்கிழமைகளில், காரில் கேன்களோடு கடலோர ஜெகதாப்பட்டினம் போய் முழங்கால் சேற்றில் நின்று மொண்டு வந்தார். ஆவுடையார்கோவில் தாண்டினால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு செம்பு கடல் சீட்டில் கொட்டும்.

ஜெகதாப்பட்டினம் நூர்நிஷாவின் பிறந்த ஊர். முன்பெல்லாம் "அம்மாவைப் பாத்துட்டு வருவோமாங்க" என்றால், கடை, வெயில், டயர் என்று அவரிடம் காரணம் கொட்டிக் கிடக்கும். இப்போது அவர் கேனைத் தூக்கும்போதே அவள் முன்சீட்டில் இருப்பாள்.

போதும்டா சாமி என்று ஆகிவிட்டது. தொட்டியை ஒழித்துவிட்டு ஒரே ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நிம்மதியாகத் தூங்க வேண்டும். ஆனால் "முடியலை" என்று தன் வாயால் சொன்னால் மையத்தாகிக் குழிக்குள் போகும் வரைக்கும் சொல்லிக் காட்டுவாள். அவளே "இதைத் தூக்கிப் போடுங்க" என்று சொல்ல வேண்டும்.

"நாத்தம் கொடலைப் புடுங்குதுல்ல நூரு?"

"எனக்கு எங்க ஊரு வாசமாத்தாங்க இருக்கு."

"இந்த மோட்டார் சத்தத்துல நீ எப்பிடித்தான் தூங்குறியோ!"

"எங்க வீட்டுக்குப் பின்னாடி ஐஸ் பிளாண்டுங்க. இது தாலாட்டு."

கடைசி அஸ்திரமாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தார். கேன் தூக்க முடியாது, தண்ணீர் வற்றும், மீன் தவிக்கும், அவள் மனசு இளகும். கணக்கு சரிதான். ஆனால் இரண்டு வெள்ளிக்கிழமை போயும் தண்ணீர் வற்றவில்லை. பவளம் முன்னைவிட ஜோராக விரிந்து நின்றது.

மூன்றாம் வெள்ளி காலையில் படுத்தபடியே எட்டிப் பார்த்தார். நூர்நிஷா குடிக்கிற கேன் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அல்லாவே! கடல் மீனுக்கு நல்ல தண்ணியா?"

"கொழம்பு வத்துனா உப்பு வத்துமாங்க? தண்ணிதான் வத்தும். கரிக்குதேன்னு மேல உப்புத் தண்ணியவா ஊத்துவாங்க? வெள்ளிக்கெழம நீங்க ஊத்துறதை சனிக்கெழம நான் பாதி மொண்டு கீழ ஊத்திட்டு, இதை ஊத்திருவேன்."

"எப்பருந்து?"

"மொத மீனு செத்ததுலருந்து."

"அப்பறம் எதுக்குடி வருஷம் பூரா என்னையச் சொமக்க விட்ட?"

"வேணாம்னு சொல்லியிருந்தா, எங்கம்மாவைப் பாக்க வண்டி எடுத்திருப்பீங்களா?"

கிபாயத்துல்லாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அடுத்த நொடியே மனசுக்குள் குறட்டைச் சத்தம் கேட்டது.

"அப்ப இனிமே ஜெகதாப்பட்டினம் போகவே வேணாம்!"

"வேணாங்க. ஒங்க இடுப்பு வலியைக் கேட்டு அம்மாவே வாராங்க. சரியாகுற வரைக்கும் இங்கிட்டுத்தானாம். காலையும் ராத்திரியும் பத்தியக் கஞ்சிதான். பிரியாணி வாசமே ஆகாதாம்."

கிபாயத்துல்லா எழுந்தார். குனிந்தார். நிமிர்ந்தார். இரண்டு கேன்களையும் ஒரே கையில் தூக்கிக் காட்டினார்.

"எந்த இடுப்பு? வயசான காலத்துல மாமிக்கு எதுக்கு அலைச்சல்? வர வேணாம்னு போன் போடு. நாமளே போவோம். ஜும்ஆவை அங்கயே தொழுதுக்கிறேன்."

நூர்நிஷா அதற்குள் பர்தா போட்டுத் தயாராக நின்றாள்.

"அம்மா எங்கங்க கெளம்புனாங்க, சும்மா சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு நாம வாரோம்னு நேத்தே சொல்லிட்டேன். அந்தக் கேனையெல்லாம் கீழ வச்சிருங்க, டிக்கியில கருவாட்டுக்கு எடம் வேணும்."