என் நரம்பு வேறு, நோட்டீஸ் நரம்பு வேறு

மத்திகிரி,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் பொன்னுசாமி அவர்களுக்கு, தங்கள் தங்கை ஜோதிமணியின் வீட்டுக்காரன் கங்கப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் இடுப்பு நீங்கலாக அனைவரும் சுகம். சிங்காரப்பேட்டையில் தாங்களும் அக்காவும் புதுக் கன்றுக்குட்டியும் சுகமாக இருக்க முனியப்பனை வேண்டுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். என் போன் கீழே விழுந்ததிலிருந்து ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசுகிறது. போன மாதம் அதில்தான் டாக்டர் எனக்கு நரம்பு டெஸ்ட் எடுக்கச் சொன்னதைத் தங்களுக்குத் தெரிவித்தேன். தாங்களும், "இந்த வயசுல இதெல்லாம் சகஜம் மாப்ள, மனச வுட்டுறாத" என்று ஆறுதல் சொன்னீர்கள். எங்கள் வரிசையில் ஆறு வீடு, ஆறு வீடும் கேட்டது. மறுநாளிலிருந்து வீட்டு ஓனர் கெம்பம்மா ஜோதிமணியைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார். நாலாம் நாள் தாங்கள் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய லேகிய டப்பா ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தது. அதைக் கொடுத்த கண்டக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே தங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு: பாலில் கலந்து நாற்பத்தெட்டு நாள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

தங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை மச்சான். ஆனால் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் நரம்பு வேறு, என் நரம்பு வேறு. என்னுடையது முதுகில் கிளம்பி, இடுப்பு வழியாக இடது கால் கட்டைவிரலுக்குப் போகிறது. நடுவில் வேறெங்கும் நிற்பதில்லை.

பத்தொன்பது வருடம் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக் குலுங்கியதில் ஆறு வருடமாக இந்த வலி. தைலம், பெல்ட், மாத்திரை எல்லாம் ஆயிற்று. இப்போது காலில் சின்னச் சின்னதாகக் கரண்ட் வைத்து நரம்பு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமாம், பிறகு சதையில் ஊசி ஏற்றியும் பார்க்க வேண்டுமாம். கெம்பம்மாவிடம் சொன்னால், "பேடப்பா, வேண்டவே வேண்டாம், கரண்ட்டு வெச்சா இருக்கறதும் போயிரும்" என்கிறார். எது போகும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

செருப்பு கழன்றால் தெரிகிறதா என்று டாக்டர் கேட்டார். தெரிகிறது என்றேன். பொய்யில்லை, வலது காலில் தெரிகிறது. எந்தக் கால் என்று அவர் கேட்கவில்லை. தங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். ஒரு நாள் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி சொல்லித்தான் என் இடது செருப்பு பஸ் இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது தெரிந்தது. வண்டியில் ஏறினாலும் இடது பெடலில் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்கிறேன். நரம்பு கெட்டுவிட்டது என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் வண்டிச் சாவியை வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் நான் அங்கே என்ன ஆள்? எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான், ஊசிக்கு அல்ல.

இது போதாதென்று ஜோதிமணி வேறு என்னைச் சந்தேகப்படுகிறாள். மூன்று வாரமாக நான் எங்கே போனாலும் பத்தடி பின்னால் வருகிறாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் அங்கேயும் வந்து, என் காலடியில் குனிந்து எதையோ தேடிவிட்டுப் போகிறாள். கேட்டால், "முன்ன நடங்க, நான் மெதுவா வரேன்" என்கிறாள். தங்கள் லேகியத்தைத் தின்றுவிட்டு எவள் வீட்டுக்குப் போகிறேன் என்று வேவு பார்க்கிறாள் போலிருக்கிறது. அண்ணன் என்ற முறையில் தாங்கள்தான் கண்டிக்க வேண்டும்.

ஆகவே டெஸ்ட் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். இனி இதில் பேச்சுக்கு இடமில்லை. லேகியமும் வீணாகவில்லை, கெம்பம்மா தன் வீட்டுக்காரருக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அங்குள்ள பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு ஆசியையும், கன்றுக்குட்டிக்குக் கழுத்தில் ஒரு தடவலையும் சேர்ப்பிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லை என்றும் தட்டாத
கங்கப்பன்

பின்குறிப்பு: ஒட்டிய கவரைக் கிழித்து இதை எழுதுகிறேன். தபால் பெட்டி வரை போய்விட்டேன். கடிதத்தைப் போடக் கையை நீட்டும்போது பின்னால் ஜோதிமணி நிற்கிறாள், கையில் என் இடது செருப்பு. குனிந்து பார்த்தால் கட்டைவிரல் கிழிந்து ரத்தம். எனக்குத் தெரியவே இல்லை மச்சான். "இதோட அஞ்சு தடவ" என்றாள். முன் நாலு தடவையும் நான் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது சத்தமில்லாமல் காலடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் வேவு என்று எழுதினேனே, அந்த வரியை அடித்துவிட்டுப் படிக்கவும். அதற்குக் கீழே உள்ள முடிவையும் அடித்துவிடவும். நாளைக் காலை சூப்பர்வைசரிடம் சாவியை நானே கொடுத்துவிடுகிறேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை டெஸ்ட், தாங்கள் அவசியம் வர வேண்டும். உள்ளே கரண்ட் வைக்கும்போது வெளியே ஜோதிமணிக்குத் துணையாக உட்கார்ந்திருங்கள். நான் கத்துவது கேட்டால் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். கத்தாமல் இருந்தால்தான் பயம்.