கரி என்று துடைத்துவிட்ட ஞாபகம்

தூத்துக்குடி,
ஞாயிறு மாலை.

பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் பத்ரிநாத் ஐயா அவர்கள் சமூகத்திற்கு,

தங்களிடம் ஆராய்ச்சி செய்யும் ஜெபசுதாவின் தகப்பன் இனிகோ வணங்கி எழுதுவது. இங்கு யாவரும் நலம், என் மனைவி விக்டோரியா நீங்கலாக. அவள் அடுக்களையில் அழுதுகொண்டிருக்கிறாள்.

நான் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் கிரேன் ஓட்டுகிறேன். கல்யாணமான நாள் முதல் விக்டோரியாவுக்குக் கரித்தூசியோடுதான் சண்டை; ஜன்னல், மாதா படம், எதில் கறுப்பைக் கண்டாலும் துணியை எடுத்துவிடுவாள். இந்த வீட்டுக்குத்தான், ஆய்வகத்தில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று, கண்ணாடித் துண்டில் கரியைப் பூசிப் புதிதாகச் செய்த இரண்டு கார்பன் சில்லுகளை, அதாவது 'சிப்'புகளை, பிள்ளை பத்திரமாகக் கொண்டுவந்தாள். ஞாபகம் வைத்துக்கொள்ளும் சில்லாம். இதுவரை செய்ததெல்லாம் ஒரு மணி நேரத்தில் மறந்துவிட்டதாமே, இதுவும் மறந்தால் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டீர்களாமே, மூணு வருஷப் பாடு ஐயா, பயத்தில் பிள்ளை சரியாச் சாப்பிடக்கூட இல்ல. அம்மாவுக்குக் காட்ட ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு போன் பேசப் போனாள். திரும்பி வந்தால் சில்லு சோப்புத் தண்ணியில் குளித்து நிற்கிறது.

"ஏளா, ஒங்கப்பாதான் ஊர்க்கரியெல்லாம் வீட்டுக்குச் சொமந்துட்டு வாராருன்னா, நீயுமா? இப்பப் பாரு, கண்ணாடி எப்படி மின்னுது!"

பிள்ளை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மிச்சமிருக்கும் ஒன்றை விக்டோரியா கைபடாமல் நான்தான் காத்தேன். எதற்கோ பிள்ளை அதைக் கறுப்புத் தாளில் சுற்றி வைத்திருந்தாள். சனிக்கிழமை விக்டோரியா கோயிலுக்குப் போனபோது பிரித்து, டார்ச் அடித்து, கீறல் இல்லையென்று பார்த்துத் திரும்பச் சுற்றி வைத்தேன். ஆகவே குற்றமெல்லாம் விக்டோரியாவுடையது. பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் தரும்படி மன்றாடுகிறேன்.

எங்கள் பனிமய மாதாவும் உங்கள் பெருமாளும் தங்கள் குடும்பத்தைச் சேர்ந்து காக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த,
இனிகோ

பி.கு.: திங்கட்கிழமை. தபாலில் போடுவதற்குள், சில்லோடு ஆய்வகம் போன பிள்ளையிடமிருந்து போன். "யப்பா, இதுல வெளிச்சம் அடிச்சது யாரு?" அந்தச் சில்லில் எழுத வெளிச்சம்தான் பேனாவாம், இருட்டில்தான் வைக்கணுமாம். விக்டோரியா பெயர் வாய்வரை வந்தது; "நான்தாம்மா" என்றேன். அந்தப் பக்கம் அழுகை என்று நினைத்தேன், சிரிப்பு. சனிக்கிழமை அடித்த டார்ச்சை அது இன்னும் மறக்கவில்லையாம்! ஆகவே அவகாசம் வேண்டாம், விக்டோரியாவைப் பற்றி எழுதியதையும் அடித்துவிடுங்கள். எவ்வளவு நேரம் டார்ச் அடித்தேன் என்று தாங்கள் கேட்கச் சொன்னீர்களாம். அதுதான் ஐயா எனக்கு ஞாபகமில்லை.