இரண்டு விரல் இடைவெளி

முந்நீர்த்திட்டு என்னும் சின்னஞ்சிறு தீவு நாட்டில், "யாரிடமிருந்து?" என்று எவரும் கேட்பதில்லை. அப்படி ஒரு சட்டம் இல்லை. கேட்டால் இன்ன தண்டனை என்று எந்த ஏட்டிலும் எழுதியிருக்கவில்லை. இருந்தும் அமைச்சர் முதல் வலை உலர்த்துகிறவர் வரை எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். நாட்டைப் பாதுகாக்க வேண்டும் என்று பேசலாம். எதைக் கொண்டு, எவ்வளவு உயரத்தில், எவர் துணையோடு என்று நாள்கணக்கில் விவாதிக்கலாம். யாரிடமிருந்து என்னும் இடம் வந்தால் மட்டும் இருமிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட வேண்டும்.

இந்த இருமலின் பிறப்பை ஒப்பந்த எழுத்தர் சாத்தையாவைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. அது அவருடைய தொண்டையில்தான் பிறந்தது.

தீவுக்கு வடக்கே வடபுலப் பேரரசு. தெற்கே தென்புலப் பேரரசு. முப்பது ஆண்டுகளுக்கு முன் வடபுலத்தோடு முதல் பாதுகாப்பு ஒப்பந்தம் எழுதப்பட்டபோது, இன்னாரிடமிருந்து இத்தீவைக் காக்கும் பொருட்டு என்று அதன் முதல் வரியில் எழுத வேண்டியிருந்தது. தென்புலம் என்று எழுதினால் தென்புலம் சினம்கொள்ளும். எழுதாமல் விட்டால் வடபுலம் எதற்காகக் காவல் தருகிறது என்பது விளங்காது. அமைச்சரவை மூன்று நாள் கூடியும் பெயர் முடிவாகவில்லை. பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று சொல்லி, இரண்டு விரல் அகலத்துக்கு இடத்தை வெறுமையாக விடச் சொன்னார்கள். மறுநாள் மன்றத்தில் ஏட்டை வாசித்த இளம் சாத்தையாவுக்குக் கடுமையான சளி. சரியாக அந்த இடத்தில் இருமல் வந்துவிட்டது. வடபுலத் தூதர் அதைத் தீவின் மரபு என்று எண்ணி, மரியாதைக்குத் தாமும் இருமினார். தூதரே இருமிய பின் அமைச்சர்கள் சும்மா இருக்கலாமா? அவர்கள் இருமினார்கள். மக்களும் இருமினார்கள்.

அதன் பின் எழுதப்பட்ட ஒவ்வோர் ஏட்டிலும் அந்த இடைவெளி இருந்தது. ஒவ்வொரு வாசிப்பிலும் அந்த இருமல் இருந்தது. மெல்ல அது வீடுகளுக்குள்ளும் வந்தது. அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம் யார் அடித்தது என்று தாய் கேட்டால் பிள்ளை இருமியது. தாய் மேற்கொண்டு கேட்கவில்லை.

அதற்கு முந்திய காலம் சாத்தையாவுக்கு ஒரு மணமாகவே நினைவிருந்தது. நனைந்த கயிறும் ஏலக்காயும் கலந்த மணம். அன்று தீவில் மூன்று சுனைகள் இருந்தன: வடசுனை, தென்சுனை, நடுச்சுனை. எந்தக் கப்பல் வந்தாலும் முதலில் தண்ணீர், அப்புறம்தான் பெயர். அதுவே தீவின் பழக்கம். யோசித்துப் பார்த்தால் அதுவே தீவின் பாதுகாப்புக் கொள்கையும்கூட. நடுக்கடலில் ஒருவரையொருவர் துரத்திய வடபுல மாலுமிகளும் தென்புல மாலுமிகளும் நடுச்சுனையின் ஒரே கல்தொட்டியில் முகம் கழுவினார்கள். தொட்டியருகில் அமர்ந்து, ஈர விரலால் கல்லில் கிறுக்கித் தங்கள் நாட்டு எழுத்துகளைச் சிறுவன் சாத்தையாவுக்குக் காட்டினார்கள். வெயிலில் முதல் எழுத்து காய்வதற்குள் கடைசி எழுத்தைப் படித்துவிட வேண்டும் என்பது விளையாட்டு. இரு நாட்டு மொழிகளையும் அவர் கற்றது அப்படித்தான். ஒப்பந்த எழுத்தராக அவர் தேர்வானதும் அதனால்தான். தண்ணீர் குடித்த இடத்தின் மீது குண்டு வீச எந்த மாலுமிக்கும் கை எழவில்லை. அது எந்த ஏட்டிலும் எழுதப்படாததால், பின்னாளில் வந்த அமைச்சர்களுக்கு அது கொள்கையாகத் தெரியவில்லை.

முதல் ஒப்பந்தத்தின்படி வடபுலம் வடகுன்றின் மீது நூறு முழ உயரக் காவற்கோபுரம் கட்டியது. வடசுனை அதன் வேலிக்குள் போயிற்று. தென்புலம் வருந்தியது. உடனே நட்புச் சமநிலைச் சட்டம் பிறந்தது: ஒருவருக்கு எது தரப்பட்டதோ அது மற்றவருக்கும் தரப்பட வேண்டும். தென்சுனையும் வேலிக்குள் போயிற்று. அங்கும் நூறு முழக் கோபுரம் எழுந்தது. ஆனால் தென்குன்று வடகுன்றைவிடப் பதினோரு முழம் குட்டை. சமநிலை குலையக் கூடாதே என்று தீவின் தினைவயல்களில் மேல்மண்ணை வெட்டியெடுத்துத் தென்குன்றின் மீது கொட்டி உயர்த்தினார்கள். அந்த ஆண்டு தினை விளையவில்லை. ஆனால் கோபுரங்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றன.

அடுத்து, மீன்பிடிப் படகின் மூக்கு எந்த நட்பு நாட்டையும் நோக்கலாகாது என்று ஆணை வந்தது. வடக்கும் நட்பு, தெற்கும் நட்பு. எனவே படகுகள் நண்டுகளைப் போலப் பக்கவாட்டில் கடலுக்குள் போயின. பாதி படகுகள் அலையில் கவிழ்ந்தன. கடைசியாக, வரும் கப்பலுக்குத் தண்ணீர் தருமுன் அதன் பெயர் ஏற்கப்பட்ட பட்டியலில் உள்ளதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். ஒரு நட்பு நாடு சேர்த்த பெயரை மற்ற நட்பு நாடு அடித்ததால் பட்டியல் வெறுமையாகவே இருந்தது. கப்பல்கள் தீவைத் தவிர்த்து வேறு வழியே போகத் தொடங்கின.

இவ்வளவையும் தம் அழகிய கையெழுத்தில் எழுதியவர் சாத்தையா.

அப்போதுதான் யாரும் எதிர்பாராத அந்தச் செய்தி வந்தது: வடபுல இளவரசனுக்கும் தென்புல இளவரசிக்கும் திருமணம். பேரரசுகள் இரண்டும் உறவாகிவிட்டன. தீவில் அன்று யாரும் வேலைக்குப் போகவில்லை. இனிக் கோபுரம் எதற்கு, வேலி எதற்கு என்று குடங்களைத் தேய்த்துக் கழுவி வாசலில் கவிழ்த்து வைத்தார்கள்.

பத்தாம் நாள் அமைச்சர்கள் சிலர் வந்து நடுச்சுனையைக் கயிறு பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள்.

நடுச்சுனையில் தண்ணீர் இறைத்துக் கொடுக்கும் பொறுப்பு சாத்தையாவின் அக்கா மயிலம்மையுடையது. தீவு முழுவதும் இப்போது குடிப்பது அந்த ஒரு சுனையின் நீரைத்தான். செய்தி கேட்டு ஓடிவந்த தம்பியைக் கண்டும் அவள் இறைப்பதை நிறுத்தவில்லை.

"வாங்க எழுத்தரய்யா. மைக்கூட்டுக்குத் தண்ணி வேணுமா?"

"அக்கா, எனக்கே இப்பத்தான் தெரியும்."

"கயித்த அந்தப் பக்கம் பிடிச்சுக்கம்மான்னு என்கிட்டயே குடுக்கிறாங்கடா. எம் சுனைய அளக்க நானே கயிறு பிடிச்சு நின்னேன். அவ்வளவு மரியாதை."

"இன்னும் ஏடு எழுதல. எழுதலன்னா ஒண்ணும் முடிவாகல."

"நீ எழுதாம வேற யாரு எழுதப்போறா? முதல் ஏட்டுக்கும் இதையேதான் சொன்ன. ரெண்டாவதுக்கும் சொன்ன." அவள் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அதுங்க ரெண்டும்தான் சம்பந்தியாயிடுச்சே. இப்ப நம்மள யாரு..."

சாத்தையா இருமினார். தம்மை அறியாமலேயே இருமினார்.

மயிலம்மை அவரைப் பார்த்தாள். ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு நீட்டினாள். "குடி. தொண்டைக்கு நல்லது. அடுத்த வாரம் கெடைக்காது."

காப்பமைச்சர் திருமேனியாரின் அறையில் சாத்தையா இரண்டு நாழிகை காத்திருந்தார். உள்ளே அழைத்ததும் அமைச்சர் வரைபடத்தின் மீது கையை விரித்து வைத்துக்கொண்டு பேசினார்.

"எழுத்தரே, நிலைமையின் கடுமை உமக்குப் புரிகிறதா? அவர்கள் ஒருவருக்கொருவர் பகையாக இருந்தபோது, நமக்கு ஒருவராவது துணைக்கு வந்திருப்பார். இப்போது அவர்கள் இருவருக்குள்ளுமே நட்பு. இதுபோன்ற ஆபத்து நம் வரலாற்றிலேயே கிடையாது."

"இருவரும் நட்பென்றால் கோபுரங்களை எடுத்துவிடலாமே, ஐயா?"

"எடுத்துவிட்டால் அவர்களை நம்பவில்லை என்று ஆகிவிடாதா? இருவரும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு கூட்டுக் கோபுரம் கேட்கிறார்கள். திருமணப் பரிசாகக் கேட்கிறார்கள். நடுச்சுனையருகேதான் தரை கெட்டி. சடங்கு நாளை மறுநாள். ஏடு பழையபடியே இருக்கட்டும்."

"முதல் வரியுமா?"

"முதல் வரிதானே ஐயா ஒப்பந்தமே! இரண்டு விரல். ஒரு நூல் கூடக் குறைய வேண்டாம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உம் தமக்கையைப் பற்றியும் யோசித்திருக்கிறேன். சுனைப் பார்வையாளர் என்று ஒரு பதவி. வேலிக்கு வெளியே ஓர் இருக்கை போட்டுத் தருவோம். நாள் முழுதும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்."

"எடுக்க முடியுமா, ஐயா?"

"பார்வையாளர் என்றால் பார்வைதானே."

அன்று மாலை சாத்தையா ஏட்டை எழுத அமர்ந்தார். இரண்டு விரலை ஏட்டின் மீது வைத்து இடைவெளியை அளந்தார். முப்பது ஆண்டுகளாக அளந்த விரல்கள். அதே விரல்களால்தான் கல்தொட்டியின் விளிம்பில் வடபுலத்து எழுத்தையும் தென்புலத்து எழுத்தையும் எழுதிப் பழகினார். முன்பற்கள் இரண்டும் இல்லாத ஒரு மாலுமி, சாத்தையாவின் பெயரை எழுதிக் காட்டிவிட்டு, அது காய்ந்து மறைந்ததும், "போய்விட்டாயே!" என்று பொய்யாக அழுவான். அவன் வடபுலத்தானா தென்புலத்தானா என்று எவ்வளவு முயன்றும் சாத்தையாவுக்கு நினைவு வரவில்லை. அன்று அதை யாரும் கேட்டுக்கொண்டதும் இல்லை.

சடங்கு நாளில் மன்றம் நிறைந்திருந்தது. தூதர்கள் இருவரும் ஒரே இருக்கையில் நெருங்கி அமர்ந்து, ஒரே தட்டிலிருந்து திருமண இனிப்பை எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். வேலிக்கான கம்பங்கள் வாசலில் அடுக்கப்பட்டிருந்தன. கடைசி வரிசையில் மயிலம்மை ஒரு வெறுங்குடத்தோடு நின்றாள். திருமேனியார் எழுந்து, இத்தீவு இதுவரை கண்டிராத பாதுகாப்பை இன்று பெறவிருக்கிறது என்று சொல்லி எழுத்தரைப் பார்த்துத் தலையசைத்தார்.

சாத்தையா ஏட்டை விரித்தார்.

"வடபுலமும் தென்புலமும் முந்நீர்த்திட்டும் ஒருமனதாகக் கூடி..." என்று வழக்கமான இழுவையில் தொடங்கினார். இடைவெளி வந்தது. நிறுத்தினார்.

மன்றம் இருமியது. அமைச்சர்கள் இருமினார்கள். தூதர்கள் வாயில் இனிப்போடு இருமினார்கள். தாய்மடியில் இருந்த கைக்குழந்தை ஒன்றும் இருமியது. இருமல் எழுந்து பரவி அடங்கியது. எல்லோரும் அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தார்கள்.

அடுத்த சொல் வரவில்லை. எழுத்தர் இருமவில்லை என்பதை அவர்கள் அப்போதுதான் கவனித்தார்கள்.

"தொண்டையில் ஏதாவது கோளாறா?" என்றார் திருமேனியார், எல்லோரும் கேட்கும்படியான தாழ்ந்த குரலில். அவரே எழுத்தருக்காக இன்னொரு முறை இருமியும் காட்டினார். "தொடரும், தொடரும்."

"தொண்டை நல்லாத்தான் இருக்கு, ஐயா," என்றார் சாத்தையா. ஏட்டைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தார். முப்பது ஆண்டுகளாகக் காதால் மட்டும் கேட்டிருந்த அந்த வெற்றிடத்தை மக்கள் முதன்முறையாகக் கண்ணால் கண்டார்கள். அது அவ்வளவு சிறியது என்று எவரும் நினைத்திருக்கவில்லை. சாத்தையா அதன் மேல் இரண்டு விரலை வைத்தார். ஏட்டின் மொழியை விட்டுவிட்டு, சுனையடியில் பேசும் மொழியில், ஒரே இருக்கையில் அமர்ந்திருந்த இரு தூதர்களையும் அமைச்சரையும் ஒருசேரப் பார்த்துக் கேட்டார்:

"யாருகிட்டேயிருந்துய்யா?"